மணிக்கட்டு வரை பசை

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கிய பசைக் குப்பியை நீட்டினால் பிள்ளை முதலில் நம் முகத்தைத்தான் பார்க்கும். ஒரு சொட்டு போதுமா, இன்னொரு சொட்டு வைக்கலாமா என்று. 'வீணாக்காதே' என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய முகம் அது. அதே பிள்ளைக்கு, வீட்டில் காய்ச்சிய பசையைக் கிண்ணம் நிறையக் கொடுத்துப் பாருங்கள். மணிக்கட்டு வரை கை உள்ளே போய்விடும். காசு மிச்சமாவது நல்ல விஷயம்தான். ஆனால் கை கூசாமல் அள்ளுகிறதே, அதற்காகத்தான் நான் வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன்.

பசையிலிருந்து தொடங்குவோம். மைதா 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. மாவை நேராகக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டிக்கும் மேல்தோல் சட்டென்று வெந்து, உள்ளே பச்சை மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கிளறினாலும் கரையாது. முதலில் 1 பங்கு பச்சைத் தண்ணீரில் மாவை மோர் மாதிரி கரைத்துக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை அதில் ஊற்றியபடியே கைவிடாமல் கிளறுங்கள். ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்ப ஆரம்பிக்கும். சுண்ணாம்பு நீர்போல வெள்ளையாக இருந்தது லேசாகக் கண்ணாடிபோல மாறும், கரண்டி கனக்கும். இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று தோன்றுகிறதே, அப்போதே இறக்கிவிட வேண்டும். ஆற ஆற அதுவே இறுகிக்கொள்ளும்.

பூச்சி அரிக்கக் கூடாது என்று இந்தப் பசையில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கலக்கும் வழக்கம் புத்தகக் கட்டு வேலையில் உண்டு. குழந்தைகள் தொடும் பசையில் அது வேண்டவே வேண்டாம், அது விஷம். நம் பசை குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் இருக்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். பத்து நிமிட வேலைதானே.

அடுத்தது, பிசைந்து விளையாடும் மாவு. கடையில் டப்பாவில் வரும் ப்ளே-டோ பொம்மையாக விற்பனைக்கு வந்தது 1956-இல். அதற்கு முன் அது சுவர்க் காகிதத்தில் படிந்த கரியை ஒற்றி எடுக்கிற மாவு. நிலக்கரி அடுப்புகள் குறைந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போக, பிள்ளைகள் கைக்கு வந்துசேர்ந்தது. மாவும் உப்பும் தண்ணீரும்தான் அடிப்படை என்பதால் நம் அடுப்பிலேயே இதைச் செய்துவிடலாம்.

மைதா 2 டம்ளர், தூளுப்பு முக்கால் டம்ளர், தண்ணீர் 2 டம்ளர், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் கஞ்சி, பிறகு களி, கடைசியில் பாத்திரத்தை விட்டு உருண்டு வரும். முதல் தடவை நான் களிப் பதத்திலேயே அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். பிள்ளைகளின் விரல்களில் கையுறை மாட்டியதுபோல ஒட்டிக்கொண்டது. ஒட்டுகிறதே என்று பச்சை மாவைத் தூவிப் பிசைந்தேன், அது இரண்டாவது தவறு. மறுநாள் வறண்டு வெடித்துவிட்டது. ஒட்டினால் மறுபடி அடுப்பில் ஏற்றி ஈரத்தைப் போக்குவதுதான் வழி.

இவ்வளவு உப்பு எதற்கு? பூசணம் பிடிக்கத் தேவையான ஈரத்தை உப்பு தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் தாங்கும். உப்பு மிகுதி என்பதால் குழந்தையும் விழுங்கக் கூடாது, வீட்டு நாயும் தின்றுவிடக் கூடாது. நாய்க்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். விரலில் கீறல் உள்ள பிள்ளைக்கு எரியும், அன்றைக்குப் பசை வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். மைதாப் பசையைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, உணவில் சேர்க்கும் சாயத்தை இரண்டு சொட்டு விட்டால் விரலால் தீட்டும் வண்ணம் தயார். மஞ்சள்தூளும் போடலாம். மஞ்சளில் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. மஞ்சள் தண்ணீர் பூசி உலரவிட்ட காகிதத்தில், சமையல் சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்து செங்கல் நிறத்தில் எழும்பும். முதல் கோடு சிவந்ததும் பிள்ளை தூரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், சிவப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று. மஞ்சள் கறை துணியில் லேசில் போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள். ஆனால் படத்தை வெயிலில் மாட்டினால் அதே மஞ்சள் வெளுத்துவிடும்!

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று சொல்லமாட்டேன். வெண்காரம், அதாவது போராக்ஸ், சேர்த்துச் செய்யும் கொழகொழப்பு ஸ்லைம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவைக்குள் கையை விட்டு அச்சு எடுப்பதும் கூடவே கூடாது. அது இறுகும்போது தானாகவே சூடேறும், கெட்டியான கலவை தோலைச் சுட்டுவிடும். உள்ளே மாட்டிய கையை வெளியே எடுக்கவும் முடியாது.

கடைசியாக, பாத்திரம் தேய்க்கப் போகிறவர்களுக்கு. பசை காய்ச்சிய சட்டியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், ஒட்டியிருக்கும் மாவு இன்னும் வெந்து பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், ஏடு ஏடாக உரிந்து வரும். அதை உரிக்கப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும்.

நன்றி, வணக்கம்.