பழைய ஜன்னலுக்கு அடியில் பத்து நாற்றுகள்

(உதகையில் வீட்டுத் தோட்டக்காரர்கள் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் வந்துவிட்டால் நம் ஊரில் சாயங்காலமானதும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். மேகம் இருந்தால் நிம்மதி. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்து, காற்றும் அசையவில்லை என்றால் உறைபனி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டிக் கொண்டுவந்து மலர் நாற்றுகளைப் பாதுகாக்கிறார்கள். தேயிலைக்கு மேல் தாகைச் செடிகளைப் போடுகிறார்கள். சரி, நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பத்துத் தக்காளி நாற்றுக்கு யார் போர்த்துவது?

பசுமைக்குடில் என்றதும் இரும்புக் குழாய், பெரிய பாலித்தீன் விரிப்பு, மானியம் என்று நினைப்பு ஓடுகிறது. அதெல்லாம் கொய்மலர் வளர்ப்பவர்களுக்கு. நமக்கு முழங்கால் உயரத்தில் ஒரு பெட்டி போதும்.

பெட்டிக்குள் செடி வளர்ப்பதற்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1829இல் லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர், ஒரு கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடி வைத்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணி முளைத்தது. நகரத்துப் புகையில் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் பிழைக்கவில்லை, குடுவைக்குள் இருந்தது பிழைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் வார்டு பெட்டி என்ற மூடிய கண்ணாடிப் பெட்டி. 1861இல் மலேரியா மருந்தான கொய்னா தரும் ஈக்வடார் நாட்டுச் சிங்கோனா மர நாற்றுகள் கடல் தாண்டி உதகைக்கு வந்து சேர்ந்ததும் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான்.

இன்னொரு பெட்டிக் கதையும் நமக்குப் பயன்படும். 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடியும் இன்னொன்றுக்கு ஒளி ஊடுருவும் பாறை உப்புத் தகடும் போட்டு வெயிலில் வைத்தார். உள்ளே இருந்து கிளம்பும் வெப்பக் கதிரைக் கண்ணாடி தடுக்கும், பாறை உப்பு விட்டுவிடும். ஆனாலும் இரண்டு பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே சூடுதான் இருந்தது. அப்படியென்றால், பகலில் பெட்டி சூடாவதற்கு முக்கியக் காரணம் சூடான காற்று வெளியே போக வழியில்லாததுதான். ஆகவே எதைக் கொண்டு மூடுகிறீர்கள் என்பதைவிட, சந்து பொந்து இல்லாமல் மூடுகிறீர்களா என்பதைப் பாருங்கள்.

வீடு இடிக்கிற இடத்திலோ காயலான் கடையிலோ கண்ணாடி போட்ட பழைய ஜன்னல் கதவு கிடைக்கும். அதுதான் நம் பெட்டிக்கு மூடி. முதலில் ஜன்னலை வாங்கிவிட்டு அதன் அளவுக்குப் பெட்டி அடியுங்கள். பெட்டி அடித்துவிட்டு ஜன்னல் தேடினால் அலைச்சல்தான். உடைந்த கட்டில் பலகை நல்லது; பிளைவுட் ஈரத்தில் உப்பிப் பிரிந்துவிடும். பின்பக்கம் ஒன்றரை அடி, முன்பக்கம் ஒரு அடி என்று சரிவாக அமைத்து, முன்பக்கத்தைத் தெற்கே திருப்புங்கள். டிசம்பரில் உச்சி வேளையிலும் நமக்குச் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஜன்னலில் பழைய பெயிண்ட் உரிந்திருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், ஈயம் இருக்கலாம். காய்கறிக்கு வேறு ஜன்னல் பாருங்கள்.

மற்ற ஊர்களில் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி நாற்றின் மேல் கவிழ்க்கிறார்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பாட்டில் விற்கவே தடை. நல்லதுதான். அதற்குப் பதில் 5 லிட்டர் எண்ணெய் கேன் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, அடியை வெட்டிவிட்டால் ஒரு நாற்றுக்கு ஒரு குடில் ஆயிற்று. பகலில் மூடியைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

புது மெத்தை சுற்றி வரும் பாலித்தீன் உறையையும் பலர் கேட்கிறார்கள். பயன்படுத்தலாம், ஆனால் அது வெயிலில் சில மாதங்களிலேயே நொறுங்க ஆரம்பிக்கும். துணுக்குகள் மண்ணில் விழுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் இரவு. மெல்லிய பாலித்தீன் வெப்பக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. தெளிந்த வானத்தின் கீழ், குடிலுக்குள் வெளியைவிடக் குளிர் அதிகமாகிவிடுவதும் உண்டு. அதனால் பாலித்தீனோ கண்ணாடியோ, வெயில் இறங்கும்போதே மேலே சாக்கையோ பழைய கம்பளியையோ போர்த்திவிடுங்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்த கேன்களில் தண்ணீர் நிரப்பிப் பெட்டிக்குள் வையுங்கள். 10 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி குளிரும்போது, 60 வாட் குண்டு பல்பு ஒரு மணி நேரம் எரிந்த அளவுக்கு வெப்பத்தை வெளிவிடும். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்பதால், பெட்டியைத் தோட்டத்தின் அடிப்பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டுக் காலையில் திறக்க மறந்தால் எல்லாம் போச்சு. என்னைக் கேட்டால், இந்தக் குட்டிப் பெட்டிகளில் குளிரில் சாகும் நாற்றைவிடப் பூட்டி வைத்துச் சாகும் நாற்றுதான் அதிகம். உள்ளே காற்று கொஞ்சம்தான், வெயில் பட்டதும் சட்டென்று கொதித்துவிடும். ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் நோய் வந்து தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து சாயும். வெயில் ஏறியதும் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து மூடியைத் தூக்கி வையுங்கள். காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருபவரா? வீட்டில் இருக்கும் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பெட்டியே வேண்டாம், இரவில் சாக்கை மட்டும் போர்த்துங்கள்.

கோவையிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் ஊர் வெயிலில் இதை வைத்தால் நாற்று வெந்துவிடும். மரத்தடி நிழலில் வைத்து, செம்பருத்திக் குச்சியும் ரோஜாக் குச்சியும் வேர் பிடிக்கப் பயன்படுத்துங்கள். ஈர மணலில் குச்சியை ஊன்றி, ஊடுருவித் தெரியும் டப்பா ஒன்றைக் கவிழ்த்தால் போதும். துளிர் வந்த பிறகு ஒரேயடியாக எடுத்துவிடாமல், ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள்.

வெளியே முற்றத்தில் இரண்டு பழைய ஜன்னல் வைத்திருக்கிறார்கள். சுத்தியல் கொண்டுவந்தவர்கள் முதலில் வாருங்கள். கேள்விகளை ஆணி அடித்துக்கொண்டே பேசலாம்.