ஆரோனின் கையில் வைத்தது என்ன?

அன்பர்களே, லேவியராகமத்தின் எட்டாம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். இரத்தம், கொழுப்பு, குண்டிக்காய் என்று வரிசையாக வரும்போது கண் தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. இன்று அங்கேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

'பிரதிஷ்டை' என்று நம் வேதாகமத்தில் வாசிக்கிறோமே, அந்த இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் 'மில்லுயீம்'. நிரப்புதல் என்று பொருள். ஒருவரை ஆசாரியராக்குவதை, 'அவர் கையை நிரப்புவது' என்றுதான் அந்த மொழி சொல்லும். பக்கத்து அக்காதிய மொழியிலும் ஒரு பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு இதே வழக்கு உண்டு. சரி, சொல்வழக்குதானே என்று விட்டுவிடலாம். ஆனால் எட்டாம் அதிகாரத்தில் கை நிஜமாகவே நிரம்புகிறது.

மோசே தன் அண்ணன் ஆரோனையும் அவருடைய குமாரர்களையும் ஆசாரியராக்கும் நாள் அது. அன்று பாவநிவாரண பலியாக ஒரு காளை. அதன் இரத்தத்தை மோசே பலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார். அப்புறம் சர்வாங்க தகனபலியாக ஓர் ஆட்டுக்கடா. மூன்றாவதாக வருவதுதான் பிரதிஷ்டையின் ஆட்டுக்கடா. அதன் இரத்தம் ஆரோனின் வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் படுகிறது. பீடத்துக்கு நான்கு கொம்பு முனைகள். மனிதனுக்குக் காது, கை, கால். பீடத்துக்குச் செய்ததைப் போலவே மனிதனுக்கும் செய்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இனி அந்தக் கைகளைப் பாருங்கள். ஆட்டின் கொழுப்பு, கொழுத்த வால், வலது முன்னந்தொடையோ பின்னந்தொடையோ என்று அறிஞர்கள் விவாதிக்கும் அந்தத் தொடை, அதன்மேல் கூடையிலிருந்து எடுத்த புளிப்பில்லாத அப்பம் ஒன்று, எண்ணெயிட்ட அப்பம் ஒன்று, ஓர் அடை. எல்லாவற்றையும் ஆரோன், அவருடைய நான்கு குமாரர்கள் ஆகியோரின் உள்ளங்கைகளில் வைக்கிறார் மோசே. அந்நாட்டுச் செம்மறியின் வால் முழுக்கக் கொழுப்பு. நல்ல கனம் இருந்திருக்கும். விரலிடுக்கில் எண்ணெய் கசிந்திருக்கும். கர்த்தருடைய சந்நிதியில் அதை அசைவாட்டுகிறார்கள். உடனே மோசே அதே கைகளிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பீடத்தில் எரித்துவிடுகிறார்!

சமாதான பலியின் வலது தொடை, பலி செலுத்தும் ஆசாரியனுக்குச் சேர வேண்டிய பங்கு. ஏழாம் அதிகாரமே அப்படித்தான் சொல்கிறது. பதவியேற்கும் நாளில் மட்டும் அது நெருப்புக்குப் போகிறது. ஆசாரியனின் கைக்கு வரும் முதல் பொருள் அவன் வைத்துக்கொள்வதற்கானது இல்லை. மிச்ச இறைச்சியையும் அப்பத்தையும் ஆசரிப்புக் கூடார வாசலிலேயே சாப்பிட வேண்டும். ஏழு நாள் அந்த வாசலை விட்டுப் போகக்கூடாது.

நியாயாதிபதிகள் 17ஆம் அதிகாரத்தில் இதே சொல் இன்னொரு முறை வருகிறது. மீகா என்பவன் பிழைப்புத் தேடி வந்த ஒரு லேவியனைத் தன் வீட்டுக்கு ஆசாரியனாக வைத்துக்கொள்கிறான். வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, மாற்று உடுப்பு, சாப்பாடு. அங்கேயும் 'கையை நிரப்பினான்' என்றுதான் மூலத்தில் இருக்கிறது. அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். குஷ்டம் நீங்கிப் பாளயத்துக்குத் திரும்புகிறான் ஒருவன். அத்தனை நாளும் ஊருக்கு வெளியே கிடந்தவன். ஆசாரியன் இரத்தத்தை எடுத்து எங்கே பூசுகிறான்? வலது காது மடலில், வலது கைப் பெருவிரலில், வலது கால் பெருவிரலில். ஆரோனுக்குச் செய்த அதே மூன்று இடங்கள்! அப்புறம் தன் இடது உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொள்கிறான். விரலால் தொட்டு ஏழு தரம் தெளிக்கிறான். இரத்தம் பட்ட இடங்களின்மேல் தடவுகிறான். உள்ளங்கையில் மீந்த எண்ணெய் முழுவதையும் அந்த மனிதனின் தலையில் பூசிவிடுகிறான்.