சத்தம் படத்திலா, தியேட்டரிலா?

அவையோருக்கு வணக்கம்.

முதல் காட்சி முடிந்து வாசலுக்கு வருகிறவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "படம் எப்படி சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள். பதில்கள் நமக்கு மனப்பாடம். "பிஜிஎம் தெறி." "செகண்ட் ஹாஃப் லேக்." "சவுண்டு காதைக் கிழிக்குது." "டயலாக் ஒண்ணுமே புரியல." முதல் இரண்டும் ரசனை, அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. கடைசி இரண்டும் அப்படியல்ல, கருவி வைத்து அளந்து பார்த்துவிடலாம். ஆனால் எந்தத் தியேட்டர், எத்தனாவது ஸ்கிரீன் என்று மைக் பிடித்தவர் கேட்பதே இல்லை. அது தெரியாதவரை குற்றம் யாருடையது என்று சொல்ல வழியில்லை.

'கங்குவா'வை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 14 அன்று வெளியானது. அன்றே சத்தத்தைப் பற்றிப் புகார் கிளம்பிவிட்டது. ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி, நம் கலை சத்தப் போட்டியில் சிக்கிக்கொண்டது என்று வருத்தப்பட்டு எழுதினார். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களுக்குச் சொல்லிவிட்டதாக அறிவித்தார்.

அந்த இரண்டு புள்ளியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆபரேட்டர் அறையில் இருக்கும் ஒலிக் கருவியில் ஒரு குமிழ் உண்டு. அதை ஃபேடர் என்பார்கள். டால்பி கருவிகளில் அளவு 0 முதல் 10 வரை. இதில் 7 தான் தரநிலை. அதாவது, 7-இல் வைத்துச் சோதனை ஒலியை ஓடவிட்டால், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் திரையிலிருந்து அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் 85 டெசிபல் வர வேண்டும். படத்தின் ஒலிகளையெல்லாம் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் அறையும் இதே அளவில்தான் கட்டமைக்கப்படுகிறது. அங்கே கேட்டதை இங்கே கேட்கலாம் என்பதுதான் ஏற்பாடு.

4-க்கு மேலே ஒவ்வொரு புள்ளியும் மூன்றேகால் டெசிபலுக்குச் சற்று அதிகம். இரண்டு புள்ளி குறைத்தால் கிட்டத்தட்ட 6.7 டெசிபல் போய்விடும். ஸ்பீக்கருக்குப் போகும் மின்திறன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். 4-க்குக் கீழே போனால் கதையே வேறு: அங்கே ஒரு புள்ளிக்கு 20 டெசிபல். 4-இலிருந்து 3-க்குத் திருப்புவதும் படத்தை ஊமையாக்குவதும் ஒன்று. புதிதாக வேலைக்கு வரும் ஆபரேட்டர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஃபேடர் எல்லாவற்றையும் சேர்த்தே குறைக்கும். போர் முழக்கமும் இறங்கும், காதோடு சொல்லும் ரகசியமும் இறங்கும். ஆகவே, "காதைக் கிழிக்குது" என்ற புகாருக்குக் கொடுக்கிற மருந்து, "டயலாக் புரியல" என்ற அடுத்த புகாரைக் கொண்டுவந்துவிடும். இரண்டும் எதிரெதிர்ப் புகார்கள் போலத் தெரிகின்றன, ஆனால் நோய் ஒன்றுதான்.

எப்படி முற்றியது இந்த நோய்? படத்துக்கு முன் விளம்பரங்களும் டிரெய்லர்களும் ஓடுகின்றன. அவைதான் அரங்கிலேயே அதிகச் சத்தம். அமெரிக்காவில் டிரெய்லருக்கென்றே ஒரு ஒலி வரம்பு வைத்திருக்கிறார்கள், ஆளைப் படுத்தியதால் வந்த வரம்புதான். இங்கே ஒருவர் எழுந்துபோய்ச் சண்டை போடுகிறார். ஆபரேட்டர் 5-க்கு இறக்குகிறார். படம் தொடங்கும்போது மறுபடி ஏற்ற மறந்துவிடுகிறார், அல்லது வம்பே வேண்டாம் என்று அப்படியே விட்டுவிடுகிறார். 5-இல் ஓடும் அரங்கில் தன் படத்தைப் பார்க்கும் இயக்குநர், "சவுண்டு பத்தலையே" என்கிறார். அடுத்த படத்தை மிக்ஸிங்கிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அது வந்ததும் தியேட்டர் 4.5-க்குப் போகிறது. இதற்கிடையே ஒழுங்காக 7-க்கு மிக்ஸ் செய்த ஒரு சின்னப் படம் அதே அரங்கில் வந்து மாட்டினால், ஏசி இரைச்சலுக்கும் பாப்கார்ன் கடிக்கும் சத்தத்துக்கும் கீழே அதன் வசனம் போய்விடும். தப்பே செய்யாத படத்துக்குத்தான் கெட்ட பெயர்.

மிக்ஸிங் அறையைக் குற்றமே சொல்லக்கூடாதா என்றால், சொல்லலாம். நம் படங்களில் பெரும்பாலும் டப்பிங். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று மூன்று தொகுதிகளாகச் சேர்த்துத்தான் கடைசிக் கலவை நடக்கிறது. ரிலீஸ் தேதி நகராது. பின்னணி இசையோ ரீல் ரீலாகக் கடைசி நேரத்தில் வந்து சேரும். ஒரு வாரத்தில் செய்ய வேண்டியதை இரண்டு இரவில் முடிக்கச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் நடக்கும் முக்கியமான தவறு ஒன்று உண்டு. அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் வசனம் மனப்பாடம். இசை அதை மூடினாலும் அவர்கள் மனத்தில் கேட்டுவிடும்! ஸ்கிரிப்டே தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தாலே பாதிப் பிழை பிடிபடும்.

இன்னொன்று. பேச்சு புரிவதற்கு மெய்யெழுத்துகள் வேண்டும். அவை வாழும் இடம் சுமார் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண். டிரம்பெட்டின் வீச்சும் தோல்கருவியின் அடியும் கூட்டத்தின் கூச்சலும் அதே இடத்தில்தான் வந்து மோதுகின்றன. வசனம் வரும் இடங்களில் மட்டும் இசையை அந்தப் பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் போதும், இசை குறைந்ததே தெரியாது. இதைச் செய்யாமல் வசனத்தை ஏற்றுகிறார்கள், பிறகு இசையமைப்பாளருக்காக இசையையும் ஏற்றுகிறார்கள்.

எல்லா இடத்திலும் அவசரம்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கிறிஸ்டோபர் நோலனின் 'டெனெட்' வந்தபோதும், 2023-இல் 'ஓப்பன்ஹைமர்' வந்தபோதும், வசனம் புரியவில்லை என்று உலகம் முழுக்கப் புகார் எழுந்தது. மறுபடி டப்பிங் பேசவைப்பது அவருக்குப் பிடிக்காது. படப்பிடிப்புத் தளத்தில் பதிவானதையே பயன்படுத்துகிறார். அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. நமக்குப் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம், ஆபரேட்டரைத் திட்டக்கூடாது.

சரி, சீட்டில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? வசனம் முக்காலும் திரைக்கு நடுவே பின்னால் இருக்கும் ஒரே ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. இசை பக்கவாட்டில் பளிச்சென்று கேட்டு, பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால், ச, ஸ போன்ற ஒலிகள் மழுங்கியிருந்தால், அந்த நடு ஸ்பீக்கரின் மேல்ஸ்தாயி ஒலி தரும் பாகம் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். டிரெய்லரிலும் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு அரங்கில்தான். டிரெய்லர் தெளிவாக இருந்து படம் மட்டும் மங்கினால், அதே படத்தை வேறு ஊரில் பார்த்தவரிடம் விசாரியுங்கள். மதுரையிலும் கோவையிலும் அதே காட்சியில் அதே புகார் என்றால் மிக்ஸிங்தான். ஓடிடியில் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று வாதாடுவது செல்லாது. வீட்டுக்கென்று ஒலியைத் தனியாகச் சரிசெய்து கொடுப்பது வழக்கம். நெட்ஃபிளிக்ஸ் வசனத்தின் சராசரி அளவுக்கே ஒரு எண் வைத்து, அதற்குள் இருந்தால்தான் வாங்குகிறது.

"படம் ஒரே இருட்டு" என்பதும் இதே ரகம். 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் வேண்டும். பல்பு பழசானால் அது கிடைக்காது. 3டி காட்சி முடிந்து அதன் கருவியை லென்ஸ் முன்னிருந்து எடுக்காமல் 2டி ஓட்டினாலும் பாதிக்குமேல் போய்விடும்.

இத்தனைக்கும் திரையுலகம் சொன்ன வைத்தியம் என்ன? 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்றது. முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு வழக்கும் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் இடைக்காலத் தடை தர மறுத்தது. மைக்கைப் பிடுங்கினால் ஃபேடர் 7-க்கு ஏறிவிடுமா என்ன?

புகார் சொல்வதென்றால் இடைவேளையிலேயே சொல்லுங்கள், படம் முடிந்தபின் பயனில்லை. கேன்டீன் பையனிடம் அல்ல, மேனேஜரிடம். "சவுண்டு சரியில்லை" என்றால் அவர் குறைக்கத்தான் சொல்வார். "ஃபேடர் எத்தனையில் இருக்கிறது? நடு ஸ்பீக்கரில் பேச்சு மங்குகிறது, டிரெய்லரிலும் மங்கியது" என்று கேளுங்கள். பதில் 5 என்று வந்தால், அரைப் புள்ளி ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் புரியவில்லையானால் ஸ்கிரீன் எண், காட்சி நேரம், உட்கார்ந்த வரிசை, எந்தக் காட்சி என்று நான்கையும் சேர்த்து எழுதிப் போடுங்கள். அதைப் படிக்கும் ஒலிக் கலைஞர், தவறு தன்னுடையதா இல்லையா என்று அந்த நான்கை வைத்தே சொல்லிவிடுவார்.