கஷ்டமான காயை முதலில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் ஒரு சிறிய மன்றத்தில் பிள்ளைகளுக்கு கேரம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், இந்தக் காயை எப்படிப் போடுறது?" கோணத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஒரு வாரத்தில் கையும் பழகிவிடும். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தக் காயை இப்போது போடத்தான் வேண்டுமா? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

புதிதாக ஆட வருகிறவரைப் பாருங்கள். குழியின் வாயில் தன் காய் ஒன்று நின்றால் கண் நேரே அங்கேதான் போகும். தட்டிப் போட்டுவிடுவார். அடுத்து இன்னொரு சுலபமான காய். நான்கைந்து காய் போனதும் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அப்புறம் பலகையில் மிச்சம் இருப்பதைப் பாருங்கள். ஒரு காய், அவர் விரலால் சுண்டும் ஸ்ட்ரைக்கரை வைக்கிற கோட்டுக்குக் கீழே கிடக்கும். ஒன்று சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று எதிராளியின் இரண்டு காய்களுக்கு நடுவில் மாட்டியிருக்கும். அதற்கு மேல் ஆட்டம் நகராது. எதிராளி நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டு முடிப்பார்.

குழியின் வாயில் நிற்கும் காய் உங்கள் சேமிப்பு. அதை எதிராளி எடுத்துக்கொள்ள முடியாது. அவர் போட்டாலும் உங்கள் கணக்கில்தான் சேரும், அவருக்குக் கையும், அதாவது அடிக்கும் முறையும், போய்விடும். அது அங்கே நிற்கும்வரை அந்தக் குழி அவருக்கு அடைபட்ட மாதிரிதான். அவருடைய காய் அந்தப் பக்கம் வந்தால் உங்கள் காயில்தான் முட்டும். இவ்வளவு வேலை செய்கிற காயை ஏன் அவசரப்பட்டு உள்ளே தள்ள வேண்டும்?

கேரத்தில் காய் விழுகிறவரை கை நம்மிடம்தான் இருக்கும். அதனால் சுலபமான காய் ஒவ்வொன்றும் இன்னொரு வாய்ப்புக்கான சீட்டு. அதைக் கொடுக்கும்போது கூடவே ஒரு வேலையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாயில் நிற்கும் காயை லேசாகத் தொட்டு உள்ளே அனுப்பிவிட்டு, அதே ஓட்டத்தில் ஸ்ட்ரைக்கர் போய் அந்த மாட்டிக்கொண்ட காயை விடுவித்தால், ஒரே அடியில் இரண்டு காரியம் முடிந்தது. நன்றாக ஆடுகிறவர்களைப் பார்த்தால் இது தெரியும். அவர்கள் போடுகிற காயைவிட, அதைப் போட்டபின் ஸ்ட்ரைக்கர் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்ட்ரைக்கர் ஏன் அப்படி முன்னேறிப் போகிறது? எல்லாம் எடை செய்கிற வேலை. போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காய் 5 முதல் 5.5 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சம எடையுள்ள இரண்டு நேருக்கு நேர் மோதினால், மோதியது அநேகமாக அங்கேயே நின்றுவிடும். பில்லியர்ட்ஸில் அதைப் பார்க்கலாம். கேரத்தில் ஸ்ட்ரைக்கர் நிற்காது. நேராக மோதினாலும் தன் வேகத்தில் ஏறக்குறைய பாதியை வைத்துக்கொண்டு காயின் பின்னாலேயே போகும். குழியின் குறுக்களவு சுமார் நாலரை சென்டிமீட்டர், ஸ்ட்ரைக்கருக்கோ நான்குக்குச் சற்று அதிகம். நேராக அடித்த காயோடு ஸ்ட்ரைக்கரும் உள்ளே போய் மைனஸ், அதாவது தண்டனை, வாங்குவது இதனால்தான். ஆகவே நேர்க்காயை மெதுவாக அடியுங்கள், அல்லது ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் கொஞ்சம் தள்ளி வைத்துச் காயின் ஓரத்தில் படும்படி சற்றே கட் பண்ணி அடியுங்கள். காய் குழிக்குப் போகும், ஸ்ட்ரைக்கர் பக்கவாட்டில் விலகிவிடும். எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது சிவப்புக் காய்க்கு வருவோம். "ரெட் அண்ட் ஃபாலோ" என்று தெருவில் சொல்வோமே, அதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். சிவப்பைப் போட்ட கையோடு அடுத்த அடியில் நம் காய் ஒன்றைப் போட வேண்டும். தவறினால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வரும். நடுவில் என்றால் எதிராளிக்கு வசதியான இடத்தில், அதுவும் அவர் கை. அதனால் ஃபாலோவுக்கான காயை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் சிவப்பைத் தொட வேண்டும். குழி வாயில் சேமித்து வைத்த அந்தக் காய் இங்கே கைகொடுக்கும். இரண்டு காய்தான் மிச்சம், சிவப்பு இன்னும் பலகையில் இருக்கிறது என்றால் ரொம்ப ஜாக்கிரதை. ஒன்றைப் போட்டுவிட்டால் மீதி ஒரே காய். சிவப்பு போகாமல் அந்தக் கடைசிக் காய் உள்ளே விழுந்தால் அந்த போர்டே, அதாவது அந்தச் சுற்றே, போய்விடும்.

போட்டிக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. வீட்டில் பெரும்பாலும் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று ஆடுவோம். வீட்டுக்கு வீடு மாறும். அப்படி ஆடும்போது சிவப்பைத் துரத்துவதில் நியாயம் உண்டு. போட்டியில் ஒரு ஆட்டம் என்பது 25 புள்ளி அல்லது 8 போர்டு. போர்டை ஜெயித்தவருக்கு, எதிராளியின் காய் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. சிவப்பும் அவரிடம் இருந்தால் இன்னும் 3. ஜெயித்தவருக்கு மட்டும்தான் அந்த 3. தோற்றவர் சிவப்பை எடுத்திருந்தால் அது யாருக்கும் இல்லை. அதனால் போர்டு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால், சிவப்பையாவது ஃபாலோவோடு எடுத்துவிடுங்கள். எதிராளிக்கு 7 போக வேண்டிய இடத்தில் 4தான் போகும். 8 போர்டு ஆட்டத்தில் அந்த 3 புள்ளி மிகப் பெரியது. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். தோற்கிற போர்டில் எதற்கு உழைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும். நான் விடாமல் சொல்வேன்.

இன்னொரு விதியும் உண்டு. 22 புள்ளியைத் தொட்டவருக்குச் சிவப்பின் 3 புள்ளி கிடையாது. நீங்கள் 22, எதிராளி 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பால் இனி உங்களுக்குப் புள்ளி ஏறாது. ஆனால் அவருக்கு ஏறும். அப்போது நீங்கள் சிவப்பை எடுப்பது அவரைத் தடுக்கத்தான். ஒரே காய், ஒரே குழி, ஆனால் புள்ளி மாறினால் அதன் வேலையும் மாறுகிறது. எனக்கு கேரத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

கை உங்களிடமே இருந்தும் போட எதுவும் இல்லாத நேரம் வரும். கண்ணை மூடிக்கொண்டு வேகமாக அடித்துக் கலைத்துவிடாதீர்கள். கலைந்தால் எதிராளிக்கும்தான் வழி திறக்கும். எதிராளியின் காய் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறதா? அந்தப் பக்கமே போகாதீர்கள், அப்படியே கிடக்கட்டும். உங்கள் காய் ஒன்றை மெதுவாக ஒரு குழியருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். முடிந்தால் அவருடைய நல்ல காய் போகும் வழியில் நிறுத்துங்கள். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காத அடி மாதிரி இருக்கும். ஆடுகிறவருக்குத் தெரியும்.

கைப்பேசியில் கேரம் ஆடுகிற பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். அதில் கோணம் நன்றாகப் பழகும், காய் போகும் வழியைத் திரையில் கோடு போட்டே காட்டிவிடுகிறது. ஆனால் பலகை மாறாது. நிஜப் பலகையில் மழைக்காலம் வந்தால் ஈரத்தில் பவுடர் கட்டிக்கொள்ளும், காய் இழுக்கும், நேற்று அடித்த வேகம் இன்று பாதி வழியில் நின்றுவிடும். அந்த வேகக் கணக்கை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால் கைப்பேசியில் ஆடட்டும், பலகையிலும் ஆடட்டும்.

சென்னைக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு பெரியது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கியதே இங்கேதான். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் இந்த ஊர்க்காரர், 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். எங்கள் பகுதியில் பிள்ளைகள் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டுதான் பலகை முன்னால் உட்காருகிறார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒன்பது வெள்ளைக் காய்களையும் பலகையில் தோன்றியபடி பரப்புங்கள். இரண்டை மட்டும் வேண்டுமென்றே மோசமான இடத்தில் வையுங்கள். அடிப்பதற்கு முன்னால், எந்தக் காய் முதலில், எது கடைசியில் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஆடுங்கள். சொன்ன வரிசை எந்த இடத்தில் உடைகிறதோ அங்கே நிறுத்தி, காய்களைப் பழையபடி அடுக்கி, வரிசையை மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இரண்டு மோசமான காய்களும் வரிசையில் முன்னால் நகர்ந்து வரும்.

நன்றி, வணக்கம்.