வயல் விளைகிறது, ஊர் குறைகிறது

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பெயினில் உள்ள பாலென்சியாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் நண்பர்களில் பாதிப் பேர், "வலென்சியாவா? ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் பார்த்துவிட்டு வா" என்றார்கள். வலென்சியா கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது. நான் சொல்லும் பாலென்சியா வடக்கே காஸ்தீல் மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே ஆரஞ்சு கிடையாது. கோதுமை, பார்லி, ஆங்காங்கே சூரியகாந்தி, கால்நடைக்குக் குதிரைமசால். அவ்வளவுதான்.

பாலென்சியா, வய்யதோலித், சாமோரா, லெயோன் என்ற நான்கு மாகாணங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்து கிடக்கும் சமவெளி ஒன்று உண்டு. தியேரா தெ காம்போஸ் என்று பெயர். ஸ்பெயினின் தானியக் களஞ்சியம் என்று அதைச் சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து 700, 800 மீட்டர் உயரம். மழை குறைவு, மரம் அதைவிடக் குறைவு. "ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்" என்று காஸ்தீல்காரர்களே தங்கள் பருவநிலையைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்திலும் ராத்திரிக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும்.

அந்தச் சமவெளியில் போஅதீயா தெல் கமீனோ என்று ஒரு சிற்றூர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நூறு பேரை ஒட்டித்தான் இருப்பார்கள். கால் மணி நேரத்தில் எல்லாத் தெருவையும் நடந்து முடித்துவிடலாம். நடுவில் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் ஒரு பெரிய தேவாலயம். அதன் பக்கத்தில், 15-ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணியில் செதுக்கிய ஒரு கல்தூண். இந்த ஊருக்குக் குற்றவாளிகளைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் உண்டு என்று ஊரறியச் சொல்வதற்காக நட்ட தூண் அது. கைதிகளை அதில்தான் கட்டி வைப்பார்கள். உடலெல்லாம் நுணுக்கமான வேலைப்பாடு, சிப்பி உருவங்கள். தண்டனைத் தூணுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அதிகாரத்துக்கு அழகும் தேவைப்பட்டிருக்கிறது போலும்.

நூறு பேருக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று கேட்பீர்கள். நூறு பேருக்காகக் கட்டியதல்ல அது. இந்தச் சமவெளியில் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது கோபுரம்தான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்குப் போன காலம் அது. கோதுமைப் பணம் கல்லாகி நிற்கிறது. கல் என்றாலும் எல்லா இடத்திலும் கல் கிடைக்கவில்லை. மேற்கே சாஆகூன் என்ற ஊரில் தேவாலயங்களையே செங்கல்லில் எழுப்பினார்கள்.

கோயிலுக்கே அந்த நிலை என்றால் வீடுகளுக்கு என்ன செய்வது? மண்தான். களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல். அல்லது இரண்டு பலகைக்கு நடுவே மண்ணைக் கொட்டி இடித்துக் கெட்டியாக்கிய சுவர். மேலே ஓடு. அடிக்கடி புதிதாக மண் பூச வேண்டும். ஆள் இருக்கிறவரைதான் இந்த வீடு வீடாக இருக்கும். ஓடு ஒன்று நகர்ந்து மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிட்டால் போதும், சில வருடங்களில் அது வெறும் மேடாகிவிடும். தெருவில் நடக்கும்போது வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளிகள் தெரியும். அங்கெல்லாம் ஒரு காலத்தில் குடும்பங்கள் இருந்தன.

விறகும் கிடைக்காத ஊரில் குளிருக்கு என்ன செய்தார்கள்? குளோரியா என்று ஒரு ஏற்பாடு. நான் பார்த்ததிலேயே என்னை மிகவும் அசத்தியது இதுதான். அறையின் தரைக்கு அடியில் குறுகிய சுரங்கப்பாதைகள். வெளியே அல்லது பக்கத்து அறையில் ஓர் அடுப்பு வாய். அதில் வைக்கோலைத் திணித்து மெதுவாகப் புகைய விடுவார்கள். சூடான புகை தரைக்கடியில் ஓடி, எதிர்ப்பக்கச் சுவர் வழியாக வெளியேறும். தரை மணிக்கணக்கில் கதகதப்பாக இருக்கும். ரோமானியர்கள் குளியலறைகளைச் சூடாக்கிய அதே முறை, இங்கே விவசாயியின் வீட்டில் 20-ஆம் நூற்றாண்டு வரை ஓடியிருக்கிறது. இன்றும் சில வீடுகளில் எரிகிறது.

அப்புறம் புறாக் கூண்டு வீடுகள். வயல் நடுவே வட்டமாகவோ சதுரமாகவோ மண்ணால் கட்டிய கட்டடங்கள். உள்ளே சுவர் முழுக்கக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. குஞ்சு இறைச்சிக்கு, எச்சம் எருவுக்கு. புறா தன் தீனியைத் தானே வயலில் தேடிக்கொள்ளும் என்பதால் செலவும் அதிகமில்லை. ரசாயன உரமும் கடைக்கோழியும் வந்தபின் அவற்றை யாரும் கவனிக்கவில்லை. இப்போது பெரும்பாலானவை கூரை போய் நிற்கின்றன.

ஊரிலிருந்து ஃப்ரோமிஸ்தா போகும் பாதை ஒரு கால்வாய்க் கரையோடு செல்கிறது. காஸ்தீல் கால்வாய். இங்கே விளைந்த கோதுமையை வடக்கே சாந்தாந்தேர் துறைமுகத்துக்குக் கொண்டுபோக மலைகள் குறுக்கே நின்றன, சாலைகளும் மோசம். அதனால் 1753-இல் வெட்ட ஆரம்பித்தார்கள். போர், பணத் தட்டுப்பாடு என்று இழுத்து இழுத்து 1849-இல்தான் முடிந்தது. மொத்தம் 207 கிலோமீட்டர். ஆனால் கடலை அது எட்டவே இல்லை. மலையடிவாரத்தில் அலார் தெல் ரெய் என்ற ஊரோடு நின்றுவிட்டது. கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்தன. சரியாக அது சூடுபிடிக்கிற நேரத்தில், 1860-களில், ரயில் வந்து சரக்கை வாங்கிக்கொண்டது. 1959-இல் படகுப் போக்குவரத்தை அதிகாரபூர்வமாக நிறுத்தினார்கள். ஃப்ரோமிஸ்தாவில் படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்கிய நான்கு மதகுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. சுமார் 14 மீட்டர் இறக்கம். கால்வாய் வீணாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அதே தண்ணீர்தான் வயலுக்கும் குடிநீருக்கும் போகிறது. கோதுமையைச் சுமக்கக் கட்டியது, கடைசியில் கோதுமைச் சமவெளிக்குத் தண்ணீர் சுமக்கிறது.

சரி, ஊர் ஏன் காலியானது? விவசாயம் நொடித்ததால் என்று எண்ணத் தோன்றும். ஊரைச் சுற்றிப் பாருங்கள், ஒரு துண்டு நிலம் தரிசு கிடையாது. அடிவானம் வரை விளைந்திருக்கிறது. இந்த விஷயத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அங்கே நிலத்தை யாரும் கைவிடவில்லை. நிலத்துக்குத்தான் ஆள் தேவைப்படவில்லை.

முன்பு அறுவடை என்றால் ஊரே வேண்டும். அரிவாளோடு ஒரு கூட்டம், கட்டு கட்டி வண்டியேற்ற ஒரு கூட்டம். ஊர் ஓரத்தில் களம். அங்கே சூடடிக்க மாட்டுக் கால்களை மட்டும் நம்பவில்லை. அடிப்பக்கம் கூரான சிக்கிமுக்கிக் கல் சில்லுகள் பதித்த அகலமான பலகையைக் கோவேறு கழுதையோ மாடோ இழுத்துச் சுற்றும். பாரத்துக்குப் பலகைமேல் ஆள் ஏறிக்கொள்ளும். பெரும்பாலும் பிள்ளைகள்தான். செகோவியா மாகாணத்துக் காந்தலேஹோ ஊர்க்காரர்களுக்கு இந்தப் பலகை செய்வதே தொழில். சமவெளி முழுக்கச் சுற்றி விற்பார்கள், பழுதும் பார்ப்பார்கள்.

1952-இல் நிலத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் சட்டம் வந்தது. சிதறிக் கிடந்த சிறு வயல்கள் பெரிய வயல்களாயின. டிராக்டர் நுழைந்தது, பின்னாலேயே அறுவடை இயந்திரம். அதே ஆண்டுகளில் மாட்ரிட், பில்பாவோ, பார்சிலோனா ஆலைகள் ஆள் கேட்டன. இளைஞர்கள் போனார்கள், பிறகு பெற்றோரையும் அழைத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு விவசாயி இயந்திரங்களை வைத்துக்கொண்டு, முன்பு பல குடும்பங்கள் பார்த்த நிலத்தைப் பார்க்கிறார். சிலர் மாகாணத் தலைநகரில் குடியிருந்துகொண்டு காரில் வந்து உழுதுவிட்டுப் போகிறார்கள்.

இயற்கையும் இந்த வயல்களை நம்பித்தான் இருக்கிறது. நம் கானமயிலுக்கு உறவான ஐரோப்பியப் பெரும்பறவை இந்தச் சமவெளியில் உண்டு. சாமோராவின் வில்யாஃபாஃபிலா ஏரிப்பகுதியில் ஏராளமாகப் பார்க்கலாம். 2007-இல் வயல் எலிகள் கட்டுக்கடங்காமல் பெருகிப் பயிரை அழித்தன. அரசு விஷம் கலந்த தானியம் தூவ, பறவை ஆர்வலர்கள் எதிர்க்க, பெரிய சண்டை. அதன்பிறகு வயலோரம் கம்பம் நட்டு, வல்லூறுக்கும் கூகைக்கும் கூட்டுப்பெட்டி வைக்கும் முயற்சி பரவியது. எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. புறாவுக்கு வீடு கட்டிய ஊர்க்காரர்களுக்கு இது புதிய வேலையா என்ன!

போஅதீயாவுக்கு ஓர் அதிர்ஷ்டம், ஸ்பெயினின் வடமேற்கே உள்ள கிறிஸ்தவப் புனிதத் தலமான சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதை ஊருக்குள் நுழைகிறது. அதனால் தங்கும் விடுதி உண்டு, சூடான பூண்டு சூப்பும் பருப்பும் கிடைக்கும். பாதையை விட்டு விலகிய ஊர்களில் ரொட்டிக்காரரின் வேன் வந்து ஹாரன் அடித்தால்தான் தெருவில் ஆள் தெரியும். மளிகையும் மீனும் வேனில்தான். ஆகஸ்டில் மட்டும் கதை வேறு. பில்பாவோவிலிருந்தும் மாட்ரிடிலிருந்தும் பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள், திருவிழா நடக்கும், பூட்டிய வீடுகள் திறக்கும். அதை வைத்து ஊர் பிழைத்துக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. 2019 மார்ச் 31 அன்று மாட்ரிடில் கிராமத்து மக்கள் பெரும் ஊர்வலம் போனார்கள். சுற்றுலாப் பயணியை அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மருத்துவர், பள்ளி, இணையம், ரயில் என்றுதான் கேட்டார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: மாட்ரிடிலிருந்து பாலென்சியா வரை அதிவேக ரயில். அங்கிருந்து சாந்தாந்தேர் தடத்துச் சாதாரண ரயிலில் ஃப்ரோமிஸ்தா. அங்கே 11-ஆம் நூற்றாண்டு சான் மார்தீன் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, கால்வாய்க் கரையோடு ஆறு கிலோமீட்டர் நடந்தால் போஅதீயா. மே மாதம் போனால் பச்சை, ஜூலையில் போனால் அறுவடை. தண்ணீர் கையில் இருக்கட்டும். தேவாலயம் பூட்டியிருந்தால் மதுக்கடையில் கேளுங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே தெரியும். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மட்டும் யார் கதவையும் தட்டாதீர்கள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம்.