ரிப்போர்ட்டில் கொரோனா, வார்டில் குழந்தை: எதைப் பார்ப்பது?

(திரையில்: ஒரு லேப் ரிப்போர்ட். ஒரு வரி மட்டும் மஞ்சளில் தெரிகிறது.)

வணக்கம். மஞ்சளில் இருக்கும் வரியைப் படியுங்கள். 'கொரோனா வைரஸ் ஓசி43: கண்டறியப்பட்டது.' இது விளக்கத்துக்காக நாங்களே தயாரித்த ரிப்போர்ட், யாருடையதும் இல்லை. ஆனால் இப்படி ஒரு வரி உண்மையிலேயே வரும். எட்டு மாதக் குழந்தை, மூச்சு இழுக்கிறது என்று காரைக்குடியில் வார்டில் சேர்த்திருக்கிறார்கள், மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். தேவகோட்டை அப்பத்தாவிலிருந்து சிங்கப்பூர் சித்தப்பா வரை ஒருவரும் அன்று ராத்திரி தூங்க மாட்டார்கள்.

முதலில் பதற்றத்தை இறக்கி வைப்போம். ஓசி43 என்பது கோவிட் இல்லை.

(திரையில்: ஏழு பெயர்கள். நான்கு பச்சையில், மூன்று சிவப்பில்.)

மனிதரைத் தொற்றும் கொரோனா வைரஸ்கள் என்று நன்றாக அறியப்பட்டவை ஏழு. சிவப்பில் இருப்பவை சார்ஸ், மெர்ஸ், அப்புறம் நாம் எல்லோரும் பட்ட கோவிட் வைரஸ். பச்சையில் இருக்கும் நான்கும் சாதாரணச் சளிக்காரர்கள். 229ஈ, ஓசி43 இரண்டையும் 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். என்எல்63 என்பதை 2004இல் நெதர்லாந்தில், நுரையீரல் சிறுகுழாய் அழற்சியோடு வந்த ஏழு மாதக் குழந்தையிடமிருந்து எடுத்தார்கள். எச்கேயு1 அதற்கு அடுத்த ஆண்டு ஹாங்காங்கிலிருந்து வெளிவந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவற்றில் சிலவாவது வந்து போயிருக்கும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லியிருப்போம், அவ்வளவுதான்.

ஒரு சின்ன ஆச்சரியம். என்எல்63 நம் உடலின் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல் ஏசிஇ2. கோவிட் வைரஸ் நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான். ஒரே வாசலில் வந்தும் ஒன்று உலகத்தையே முடக்கியது, இன்னொன்று மூக்கை ஒழுகவிட்டுப் போகிறது. பெயரைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைக்குக் கொரோனா பாசிட்டிவ் என்றால், அந்த நான்கில் ஒன்றாக இருந்தாலும் சரி, கோவிடாகவே இருந்தாலும் சரி, அதனால்தான் குழந்தை படுத்திருக்கிறது என்று உடனே சொல்லிவிட முடியாது.

பிசிஆர் சோதனை தேடுவது வைரஸின் மரபணுத் துண்டை. உயிரோடு பெருகிக்கொண்டிருக்கும் வைரஸா, உடம்பு எப்போதோ அடித்துப் போட்டதன் மிச்சமா என்று அது பிரித்துச் சொல்லாது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும் தெருவோரம் வாழையிலை கிடக்கும் இல்லையா, அதைப் பார்த்து உள்ளே பந்தி நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்தும் சோதனை பாசிட்டிவ் காட்டலாம்.

இன்னொன்று, குழந்தையின் மூக்கில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வைரஸ் இருப்பது சகஜம். கைக்குழந்தைகளை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதில் முன்னால் நிற்பது ஆர்எஸ்வி என்ற வேறொரு வைரஸ். அதே ரிப்போர்ட்டில் ஆர்எஸ்வியும் இருக்கும், கீழே கொரோனாவும் இருக்கும். நம் கண் கொரோனாவில்தான் போய் நிற்கும். 2022 ஜனவரி ஒமைக்ரான் அலையில், கை முறிந்து வந்த பிள்ளை, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு வந்த பிள்ளை என்று சேர்க்கும்போதே சோதித்தார்கள். பாசிட்டிவ் வந்தவுடன் அவர்களும் கோவிட் கணக்கில் சேர்ந்தார்கள். கொரோனாவால் வந்தவர்கள் வேறு, கொரோனாவோடு வந்தவர்கள் வேறு. இரண்டையும் கலந்து எண்ணி, குழந்தைகள் வார்டு நிரம்பி வழிகிறது என்று செய்தி படித்த காலம் அது.

சரி, ரிப்போர்ட்டை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? குழந்தையின் நெஞ்சை.

(திரையில்: படுத்திருக்கும் குழந்தையின் வரைபடம். சட்டை மேலே தூக்கியிருக்கிறது. மூச்சு மெதுவாக ஓடுகிறது.)

சட்டையைக் கழுத்துவரை தூக்கிவிடுங்கள். குழந்தை அழாமல் இருக்க வேண்டும், தூங்கினால் இன்னும் நல்லது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். பழைய வீடு என்றால் வளவு முற்றத்து வெளிச்சம் போதும். வயிறு மேலே எழுந்து இறங்குவதை ஒரு மூச்சு என்று எண்ணுங்கள். போனில் முழுதாக ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் மூச்சு சீராக ஓடாது, நடுவில் நின்று நின்று ஓடும், கணக்கு தப்பிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைகள் இவை. இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது மேல். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல். இந்த எண்ணிக்கை வந்தால் மூச்சு வேகமாகப் போகிறது என்று அர்த்தம்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அங்கே பள்ளம் விழுகிறதா? கழுத்துக் குழி உள்ளே போகிறதா? மூக்கு விரிகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். உதடு நீலம் பாரித்திருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஏன் சின்னக் குழந்தைக்கு மட்டும் சளி இப்படி ஆகிறது? குழாய் சின்னது, அதுதான் காரணம். கைக்குழந்தையின் மூச்சுக்குழல் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். காற்றுப் போகும் பரப்பு நாலில் ஒரு பங்காகிவிடும், காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காக ஏறும். பெரியவருக்கு அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் தொண்டைக் கரகரப்போடு போய்விடும். என்எல்63க்குக் குரல்வளைப் பக்கத்தை வீங்க வைக்கும் பழக்கம் உண்டு. நடுராத்திரியில் குரைக்கிற மாதிரி இருமல், மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம். ஒமைக்ரான் வந்தபோதும் இந்த இருமலோடு நிறையப் பிள்ளைகள் வந்தார்கள்.

இந்தக் கட்டத்தில் நம் வீடுகளில் நடப்பதையும் பேசிவிட வேண்டும்.

"வெறும் பனிதான்டி ஆத்தா. சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய், இறங்கிடும்."

"ஆயா, டாக்டர் வேண்டாம்னு சொன்னாக."

"அந்த டாக்டரையே நான்தான் தேய்ச்சு வளத்தேன்!"

ஆயாவோடு வாதாடி ஜெயிக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் சூடம் கைக்குழந்தைக்கு ஆபத்து. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் வலிப்பு வர வைக்கக் கூடியது. ஆவி பிடிப்பதும் வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தீப்புண்ணோடு வருகிற பிள்ளைகள் வேறு. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. அப்புறம் ஆக்சிஜன் அளவு காட்டும் அந்த விரல் கிளிப். கோவிட் காலத்தில் வாங்கியது இன்னும் மேசை டிராயரில் கிடக்கும். பெரியவர் விரலுக்குச் செய்தது, குழந்தை விரலில் நிற்காது, தப்பும் தவறுமாகக் காட்டும். அதில் 97 வந்துவிட்டதே என்று பள்ளம் விழும் நெஞ்சோடு வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

வார்டில் என்ன செய்வார்கள்? பார்க்கிறவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன். மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பார்கள். பால் குடிக்க முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய், அல்லது டிரிப்ஸ். குரைக்கிற இருமலாக இருந்தால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரு டோஸ் கொடுப்பார்கள், நன்றாக வேலை செய்யும். நுரையீரல் சிறுகுழாய் அழற்சிக்கு அதே ஸ்டீராய்டு பயன் தராது. வைரஸ்மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் நினைத்தால்தான் அது. "ஒரு நல்ல ஊசியாகப் போடுங்கள்" என்று நாம் நச்சரிப்பதால் வருகிற ஊசிகளும் உண்டு. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். அம்மாவுக்கே கோவிட் என்றாலும் கையைக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம்.

பார்க்க வருகிறவர்கள் கதை தனி. நம் பக்கம் ஒரு குழந்தை படுத்தால் ஃபிளாஸ்கோடும் பிஸ்கட் பாக்கெட்டோடும் ஊரே வந்து நிற்கும். கூடவே மூக்கு ஒழுகும் இன்னொரு பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். கொரோனா வைரஸ்கள் வார்டுக்குள்ளேயே கட்டிலுக்குக் கட்டில் பரவும், பெரியவர்களின் கை வழியாகவும் போகும். பக்கத்துக் கட்டிலில் குறைமாதக் குழந்தை இருக்கலாம், இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தை இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை இருக்கலாம். பச்சையில் காட்டினோமே, அந்தச் சாதாரண நான்கும்கூட இவர்களுக்குச் சாதாரணம் இல்லை. வீடியோ காலில் பாருங்கள், குறை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இனி இதற்கு நேர் எதிரான ஒரு விஷயம். சோதனை நெகட்டிவ், ஆனாலும் கொரோனாதான் காரணம்.

(திரையில்: நாள்காட்டி. முதல் வாரம் சளி. நான்காவது வாரம் காய்ச்சல்.)

2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டன் டாக்டர்கள் இதை முதலில் எச்சரித்தார்கள். எம்ஐஎஸ்-சி என்று பெயர். கோவிட் வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி இதயம், குடல், தோல் என்று பல இடங்களில் அழற்சியை உண்டாக்கும். கைக்குழந்தைகளைவிடப் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கே அதிகம் வந்தது. விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தோலில் தடிப்பு, கடுமையான வயிற்று வலி. வயிற்று வலியைப் பார்த்து அப்பெண்டிக்ஸோ என்று சந்தேகப்பட்டதும் உண்டு. அதற்குள் வைரஸ் போயிருக்கும், பிசிஆர் நெகட்டிவாக வரலாம், ரத்தத்தில் ஆன்டிபாடி மட்டும் காட்டிக்கொடுக்கும். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமும் ஸ்டீராய்டும் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். ஒமைக்ரானுக்குப் பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் மூன்று நாள் தாண்டிய காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுபோகும்போது, "போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் சளி" என்ற தகவலைச் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நம் ஊரில் இந்தத் தகவல் சுலபமாகத் தவறிப்போகும். பூட்டியே கிடக்கும் பெரிய வீடு ஒரு கல்யாணத்துக்கோ பிள்ளையார் நோன்புக்கோ திறக்கும். சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் பட்டாசாலையில் ஒரே ஜமக்காளத்தில் உருண்டு விளையாடும். நாலாம் நாள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுக்கும்போது, கானாடுகாத்தான் விசேஷத்தில் யார் இருமினார்கள் என்று அங்கே யாருக்கு ஞாபகம் வரும்?

கடைசியாக, ராத்திரியில் கிளம்புகிறவர்களுக்கு. காரைக்குடி அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தையை வாடகைக் காரில் கொண்டுபோக வேண்டாம், 108லேயே போங்கள். தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகள் அல்லது பாட்டில்கள், கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் போனது என்ற விவரம், இவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எடை தெரிந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் முதல் பெரும்பாலான மருந்துகளை வயதைவிட எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.