கையில் பொங்கல், மேடையில் கெட்டிமேளம்: நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி புனேயிலிருந்து வந்திருக்கிறது. "கூட வேலை பார்க்கும் நண்பருக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். வசதியான பெரிய குடும்பம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம். வரவேற்புக்கு மட்டும் போனால் போதுமா? மொய் எவ்வளவு வைப்பது? பந்தியில் எப்படி நடந்துகொள்வது?"

போதாது. வரவேற்பில் என்ன செய்யப்போகிறீர்கள்? ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, மேடையேறி, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவீர்கள். நீங்கள் வந்தது மாப்பிள்ளைக்கே மறுநாள் நினைவிருக்காது. தாலி ஏறும்போது அட்சதையோடு நிற்கிறவர்தான் கல்யாணத்துக்கு வந்தவர். மற்றவர்கள் சாப்பிட வந்தவர்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் அந்த இரண்டாவது வகையில் இருந்தவன்தான். இருபது வயதில் மாயவரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதற்குள் டிபனை முடித்துவிடலாம் என்று பந்தியில் உட்கார்ந்தேன். பொங்கலைக் கடப்பாவில், அதாவது எங்கள் பக்கத்துப் பாசிப்பருப்பு உருளைக்கிழங்குக் குழம்பில், தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகும்போது மேலே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. எழுந்து ஓடவும் முடியாது, சாப்பிடவும் தொண்டை விடாது. வாசலில் பெண்ணின் பாட்டி, "அட்சதை போட்டாயா தம்பி?" என்று கேட்டார். "போட்டேன் பாட்டி" என்று பொய் சொன்னேன். பத்திரிகையில் அச்சடிக்கும் நேரம் ஒரு வரம்புதான். அதற்குள் எந்த நிமிடத்திலும் தாலி கட்டுவார்கள். ஆகவே ஐந்தே முக்காலுக்கு மண்டபத்தில் இருங்கள்.

சாஸ்திரிகள் கையை உயர்த்தி "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்பார். தவிலும் நாதஸ்வரமும் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை சத்தம். தட்டில் கொண்டுவரும் அட்சதையைக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாற்காலியிலிருந்து வீசினால் முன்வரிசைத் தலைகளுக்குத்தான் ஆசீர்வாதம் கிடைக்கும்.

இன்னொன்று. மேளக்காரர்களுக்கு எதிரே ஒரு பத்து நிமிடமாவது உட்காருங்கள். தோடி ராகத்துக்குப் பெயர் போன நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த திருவாவடுதுறை, கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற வழியில்தான் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் கல்யாணங்களில் கூட, மேளத்துக்கு எதிரே இருக்கும் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ரசித்துத் தலையாட்டினால் போதும், வாசிப்பே மாறிவிடும்.

உடையைப் பற்றிக் கவலை வேண்டாம், கறுப்பைத் தவிர்த்தால் சரி.

இப்போது பந்தி. இலையின் நுனி உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். பரிமாறுகிறவரிடம் கரண்டி கவிழ்வதற்கு முன்பே "போதும்" என்று சொல்லுங்கள். கவிழ்த்த பிறகு சொன்னால் அது அவர் காதில் விழாது. பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள், மிரள வேண்டாம். அப்பளத்தை நொறுக்கிப் போட்டால் அது ஓடாது. அசோகா வைத்தால் இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள், திருவையாற்றுப் பாசிப்பருப்பு அல்வா அது. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். மூச்சுக்காற்று கழுத்தில் படும். அவருக்காக அவசரப்படாதீர்கள், அவர் பின்னாலும் நாளைக்கு ஒருவர் நிற்பார். சாப்பிட்டு முடித்ததும் இலையின் மேல் பாதியை உங்கள் பக்கமாக மடியுங்கள். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம்.

கடைசியாக மொய். பத்திரிகையில் "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று போட்டிருந்தால் பேச்சே இல்லை. இல்லையென்றால் 501, 1001 என்று ஒரு ரூபாய் கூட்டி வையுங்கள். தொகையை நான் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் ஏற்கனவே செய்திருந்தால் அதைவிடக் குறையக்கூடாது, அவ்வளவுதான். தாய்மாமன் மொய் எழுதும் முன் முந்திக்கொண்டு போய் நிற்காதீர்கள். நீங்கள் இதைப் பரிசு என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கம் இது கணக்கு. இதே தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியில் மொய் வாங்குவதற்கென்றே ஆடி, ஆவணியில் விருந்து வைக்கிறார்கள், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே. ஆகவே நோட்டு எழுதுகிறவரிடம் ஊரை முதலில் சொல்லி, பிறகு பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். "புனே" என்று இருப்பதைப் பார்த்து, ரயில் டிக்கெட் விலையை நினைத்து ஒரு நிமிடம் தயங்குவார்கள். ஆனால் வந்துவிடுவார்கள்.